சென்னை ஜிஹெச் நியூரோ சர்ஜரி: தம்பியோட முதுகுத்தண்டு கட்டிக்கு போன அனுபவம்

சென்ட்ரல் ஸ்டேஷன் எதிர்ல இருக்கிற ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அங்க நியூரோ சர்ஜரி பத்திதான் எழுதுறேன், கவர்மென்ட் ஆஸ்பத்திரியான்னு தயங்குறவங்க முழுசா படிங்க.

தம்பிக்கு பல மாசமா இடுப்பு வலி. வீட்டு பக்கத்துல ஒரு கிளினிக்ல எக்ஸ்ரே மட்டும் எடுத்துட்டு டிஸ்க்குன்னு சொல்லி பெல்ட்டும் மாத்திரையும் குடுத்து அனுப்பிட்டாங்க. படுத்தா வலி கூடுது, ராத்திரி எந்திரிச்சு நடந்தாதான் கொஞ்சம் அடங்குதுன்னு அவன் எத்தனையோ தடவை சொல்லியும் அங்க யாரும் காதுல வாங்கல. அப்புறம் ஒருநாள் காலைல பார்த்தா ரெண்டு காலும் துவண்டு போச்சு, உட்கார்ற இடம் மரத்து போச்சு, அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு ஆனா யூரின் வரமாட்டேங்குது.

ஜிஹெச் கேஷுவாலிட்டில இருந்த டியூட்டி டாக்டர் ரொம்ப சின்ன வயசு, வலி எங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடியே கடைசியா எப்போ யூரின் போனீங்கன்னு கேட்டாங்க. குண்டூசி வச்சு தொடை உள்பக்கம், ஆசனவாய் சுத்தி தொட்டு தொட்டு தெரியுதா தெரியுதான்னு பார்த்தாங்க, கதீட்டர் (யூரினை வெளிய எடுக்குற ட்யூப்) போட்டதும் பை மளமளன்னு நிறைஞ்சுது, உடனே நியூரோவுக்கு போன் போட்டு எம்ஆர்ஐக்கு தள்ளிட்டு போயிட்டாங்க. அந்த ஒரு கேள்விக்காகவே நான் அவங்களுக்கு கடமைப்பட்டிருக்கேன்.

தண்டுவடம் இடுப்புக்கு மேல் பக்கம் இருக்கிற எல்1, எல்2ங்கிற முதுகெலும்பு கிட்டயே முடிஞ்சிடுமாம், அதுக்கு கீழ காலுக்கும் மூத்திரப்பைக்கும் போற நரம்புங்க கொத்தா இறங்குது, அந்த கொத்துக்கு நடுவுல கட்டி. மிக்ஸோபாப்பில்லரி எபெண்டிமோமான்னு பேரு, ரொம்ப அபூர்வம். மெதுவாதான் வளருமாம், ஆனா உள்ள ரத்தம் கசிஞ்சா திடீர்னு பெருசாகி நரம்பை நசுக்கிடும், தம்பிக்கு நடந்தது அதான்.

சர்ஜன் ஸ்கிரீன்ல படத்தை காட்டி அம்மாவுக்கே புரியுற மாதிரி சொன்னாரு. கட்டியோட உறை கிழியாம முழுசா எடுக்க பார்ப்போம், கிழிஞ்சா கட்டியோட செல் தண்டுவட நீர்ல கலந்து வேற இடத்துல முளைக்கலாம், நடை திரும்ப வாய்ப்பு இருக்கு, யூரின் கண்ட்ரோல் லேட்டாகும், முழுசா வராமலும் போகலாம்னாரு. எதையும் மூடி மறைக்கல. 1950ல டாக்டர் ராமமூர்த்தி ஆரம்பிச்ச டிபார்ட்மென்ட் இது, மெட்ராஸ்ல நரம்பு ஆபரேஷன்னாலே அவர் பேருதான் சொல்லுவாங்க.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, கட்டி முழுசா வந்துடுச்சு. வார்டுல ஒரு சிஸ்டர், தானா கதீட்டர் போட்டு எடுக்க தம்பிக்கு சொல்லி குடுத்தாங்க. அவன் கூச்சப்பட்டு அழுதப்ப ஸ்க்ரீனை இழுத்து விட்டு, கை கழுவுறதுல இருந்து திரும்ப மெதுவா ஆரம்பிச்சாங்க, அவன் தனியா செய்யுற வரைக்கும் பக்கத்துலயே நின்னாங்க.

ஆபரேஷனுக்கு காசு கட்டல. போறவங்க ஆதார், ரேஷன் கார்டு, பழைய ரிப்போர்ட் எல்லாம் கையோட எடுத்துட்டு போங்க, காப்பீட்டு திட்டத்துக்கு கேப்பாங்க, கூட ஒரு ஆள் ராத்திரி பகலா தங்கணும். பயாப்ஸி (எடுத்த கட்டியை டெஸ்ட் பண்றது) ரிப்போர்ட்ல, கட்டியோட வீரியத்தை சொல்ற இடத்துல கிரேடு 2ன்னு பார்த்து பயந்துடாதீங்க, முன்னாடி இதை கிரேடு 1ன்னுதான் வச்சிருந்தாங்க, திரும்ப வரக்கூடியதுங்கிறதால 2021ல உலக சுகாதார நிறுவனம் மாத்திட்டாங்க. அதனால வருஷக்கணக்கா எம்ஆர்ஐ பார்த்துட்டே இருக்கணும்.

இப்போ தம்பி ஸ்டிக் புடிச்சு மாடி ஏறுறான், கதீட்டர் இன்னும் தேவைப்படுது. என் ரேட்டிங் அஞ்சுக்கு அஞ்சு.