கருவையை மூட்டத்துக்கு விடுவதா, தூரோடு எடுப்பதா?

முதுகுளத்தூர் பக்கம் தாத்தா காலத்து நிலம் நாலு ஏக்கர். அப்பா பிழைப்புக்கு வெளியூர் போனபிறகு இருபது வருடம் தரிசு. சீமைக்கருவேலம் (எங்கள் பக்கம் சுருக்கமாகக் கருவை) மண்டி, ஆள் நுழைய முடியாத காடாகிவிட்டது. 2022-ல் அது என் பொறுப்புக்கு வந்தபோது இரண்டு வழிகள் இருந்தன. ஊரில் பலர் செய்வதுபோல மூன்று நாலு வருடத்துக்கு ஒருதரம் கரிமூட்டம் போடுகிறவருக்கு வெட்ட விடலாம். இல்லையென்றால் தூரோடு எடுத்துவிட்டு மறுபடி மானாவாரி விதைக்கலாம். நான் மூன்றரை ஏக்கரை எடுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எல்லாருக்கும் இதையே செய்யச் சொல்ல மாட்டேன்.

மூட்டத்துக்கு விடுவதில் நமக்குச் செலவில்லை, காவலும் வேண்டாம். மழை பொய்த்தாலும் கருவை பொய்க்காது. நிலமில்லாத குடும்பங்கள் பல வெட்டுக்கூலியையும் மூட்டத்தையும் நம்பித்தான் இருக்கின்றன. விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசித் தீ வைத்துவிட்டு, எங்கே புகை பிய்த்துக்கொண்டு வருகிறது என்று இரவெல்லாம் விழித்திருந்து மண் அப்புவார்கள். அந்தப் புகை அவர்கள் நெஞ்சுக்குள்ளும்தான் போகிறது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்ற உத்தரவிட்டபோது எங்கள் ஊரில் முதலில் கலங்கியவர்கள் அவர்கள்தான். அதே வருடம் சென்னையில் இன்னொரு அமர்வு இடைக்காலத் தடை விதித்தது.

கருவை காற்றின் ஈரத்தை இழுத்து மழையை விரட்டுகிறது என்பார்கள். அதை நான் நம்பவில்லை, அதற்காக எடுக்கவும் இல்லை. அது இருக்கிற இடத்தில் வேறு எதுவும் இல்லை என்பதுதான் என் குறை. அடியில் புல் கிடையாது. வரத்துக்காலில் முளைத்து மண்ணைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க்கு வரும் தண்ணீரை மறிக்கிறது. என் ஒருவன் நிலத்துக் காய்தான் அடுத்தவர் நிலத்தில் போய் முளைக்கிறது.

இனி, எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜேசிபிக்குக் கொடுக்கும் வாடகையை மட்டும் கணக்குப் பார்த்து இறங்கினால் தோற்றுப்போவோம். அது முதல் தவணைதான், பிறகு வரும் பராமரிப்புதான் பெரிய செலவு.

முதலில் வந்த வண்டிக்காரர் அவசரத்தில் பல தூர்களைத் தரைமட்டத்துக்கு உடைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு மழை பெய்ததும் ஒவ்வொரு தூரிலும் ஏழெட்டுக் கிளை கிளம்பியது. வேரும் தண்டும் சேரும் இடம் மண்ணுக்குள் இருக்கிறது. அது மிஞ்சினால் மரம் மிஞ்சும். மறுபடி ஆள்விட்டு ஒரு முழத்துக்குத் தோண்டி எடுத்தோம்.

அதைவிடத் தொல்லை விதை. மாடு காயைத் தின்றால் விதை செரிக்காமல் சாணியோடு வந்துவிடும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு காய்ந்த சாணியைக் காலால் புரட்டினேன். அதற்குள் மட்டும் பதினொரு கன்று, விரல் நீளத்துக்கு. அந்த உயரத்தில் இரண்டு விரலால் பிடுங்கலாம். அடுத்த மழை வரை விட்டால் மண்வெட்டி வேண்டும், அதற்கும் அடுத்த மழைக்கு மறுபடி வண்டிதான். அதனால் முதல் மூன்று வருடம் ஒவ்வொரு மழை முடிந்ததும் நிலத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடந்தே ஆகவேண்டும். வருடா வருடம் உழவு விழுவது பாதி வேலையைக் குறைக்கும். எடுத்துவிட்டு விதைக்காமல் போட்டவர்கள் நிலத்தில் முன்பைவிட நெருக்கமாகக் கருவை நிற்பதை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கலாம்.

2022-ல் தமிழக அரசு கொண்டுவந்த அயல் தாவரக் கொள்கையும் அகற்றுவதோடு நிறுத்தாமல் சூழலை மீட்பதையும் சேர்த்தே பேசுகிறது. அது சரிதான். எடுத்த இடத்தில் என்ன வளர்க்கப்போகிறோம் என்று தெரியாமல் வண்டியைக் கூப்பிடக் கூடாது.

நான் புரட்டாசியில் நெல் விதைத்தேன், ஒரு ஏக்கரில் குண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த இராமநாதபுரம் மிளகாய்தான். ஒரு வருடம் நன்றாக வந்தது, ஒரு வருடம் விதைக்குக்கூடத் தேறவில்லை. இத்தனை குறைந்த அனுபவத்தை வைத்து மானாவாரி லாபம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வரப்பில் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறேன். அதன் பலன் என் மகளுக்கு.

கண்மாய்களுக்கும் இதே கணக்கைப் போடக் கூடாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் மாதிரியான பறவைகள் சரணாலயக் கண்மாய்களில் நாரைகள் முள்மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. அங்கே நாட்டுக்கருவேல் வளர்ந்து கிளை பரப்பும் முன் சீமைக்கருவேலத்தை ஒரே வீச்சில் வழிப்பது பறவைக்குச் செய்யும் கேடு.

ஊரில் இருந்து மூன்று மழைக்காலம் நிலத்தில் நடக்க முடிந்தால் எடுங்கள். வெளியூரில் இருந்துகொண்டு போனில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மூட்டத்துக்கே விடுங்கள். நாலு பேருக்குக் கூலியாவது கிடைக்கும்.

கிழக்கோரம் அரை ஏக்கரை நான் தொடவில்லை. பக்கத்துத் தெரு அத்தை ஒருவர் அங்கேதான் விறகு வெட்டுகிறார். "அதையும் எடுத்துட்டா நான் எங்கய்யா போவேன்?" என்று கேட்டார். காய் பழுக்கும் முன் கிளையைக் கழித்துவிடுங்கள் அத்தை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இதுவரை கழித்துத் தருகிறார்.