அல்கட்ராஸா, ராபன் தீவா?

சான் பிரான்சிஸ்கோ போகிறவர்களுக்கு அல்கட்ராஸ், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் போகிறவர்களுக்கு ராபன் தீவு. இரண்டும் சிறையாக இருந்து அருங்காட்சியகமான தீவுகள். எது மேல் என்று கேட்டால், அங்கே கதை சொல்வது யார் என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன்.

அல்கட்ராஸில் கதை சொல்வது ஹெட்ஃபோன். 1934 முதல் 1963 வரை அமெரிக்க மத்திய அரசின் சிறையாக இருந்த கட்டடத்துக்குள், அது சொல்லச் சொல்ல முக்கால் மணி நேரம் நடக்கலாம். பேசுவது முன்னாள் காவலர்களும் கைதிகளும். சும்மா சொல்லக்கூடாது, அருமையான ஒலிப்பதிவு. அறை ஐந்தடி அகலம், ஒன்பதடி நீளம். கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். 1962 ஜூனில் மூன்று பேர் சோப்பு, பற்பசை, டாய்லெட் பேப்பரையெல்லாம் குழைத்துத் தலை செய்தார்கள். முடிவெட்டும் இடத்தில் பொறுக்கிய முடியை அதில் ஒட்டிப் போர்வைக்குள் படுக்க வைத்துவிட்டுக் கடலில் இறங்கினார்கள். கரை சேர்ந்தார்களா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தத் தலைகளின் மாதிரிகள் இப்போதும் அதே அறைகளில் தூங்குகின்றன.

படகுத்துறைப் பக்கம் ‘இந்தியர்களை வரவேற்கிறோம்’ என்று சிவப்புப் பெயின்ட்டில் இருக்கும். நம்மைத்தான் என்று பூரித்துவிட வேண்டாம். 1969 நவம்பரில் தீவைக் கைப்பற்றி 19 மாதம் பிடித்து வைத்திருந்த அமெரிக்கப் பூர்வகுடிகள் எழுதியது அது.

ராபன் தீவில் நம்மவர்கள் நிஜமாகவே வருகிறார்கள். சிறைக்குள் காட்டப்படும் உணவுப் பட்டியலைப் பாருங்கள். இந்தியர்களுக்கும் கலப்பினத்தவர்களுக்கும் ரொட்டியும் ஜாமும் உண்டு, கறுப்பினத்தவருக்குக் கிடையாது. மண்டேலாவோடு 1964-இல் அங்கே போன இந்திய வம்சாவளிப் போராளி அகமது கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டை கொடுத்தார்கள். அவரைவிட மூத்தவரான மண்டேலாவுக்கு அரைக்கால் சட்டை. தட்டிலும் துணியிலும்கூட நிறவெறி எப்படிக் கணக்குப் பார்த்தது என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்க முடியாது.

இதையெல்லாம் சொல்பவர் அங்கேயே கைதியாகக் கிடந்தவர். சிறைக் கட்டடத்துக்குள் அழைத்துப்போகும் வழிகாட்டிகள் முன்னாள் அரசியல் கைதிகள். ஹெட்ஃபோனிடம் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது, இவரிடம் கேட்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. பெரும்பகுதி பேருந்துச் சுற்றுதான். கைதிகள் வெயிலில் கல் உடைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட சுண்ணாம்புக் குவாரியும் அதில்தான் வரும். மண்டேலா 18 ஆண்டு இருந்த சிறை வளாகத்தில், அவருடைய அறைக்கு முன் நிதானமாக நிற்கலாம் என்று நினைத்தால் பின்னால் வருகிறவர்கள் விடமாட்டார்கள். வந்த கூட்டத்தோடுதான் திரும்ப வேண்டும். அல்கட்ராஸில் அந்தத் தொல்லை இல்லை. மனம் போனபடி சுற்றிவிட்டு அடுத்த படகைப் பிடிக்கலாம்.

இருந்தாலும் என் ஓட்டு ராபன் தீவுக்கே, அதுவும் சீக்கிரம். கடைசி அரசியல் கைதிகள் வெளியேறியது 1991-இல்; அந்த வழிகாட்டிகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ஒலிப்பதிவு எங்கும் போய்விடாது.

கிளம்புகிறவர்களுக்கு: கேப்டவுனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம்; கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும். அதனால் ஊர் திரும்பும் நாளுக்கு டிக்கெட் போடாதீர்கள். அல்கட்ராஸுக்குக் கோடையில் பல நாள் முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள். கோடைதானே என்று ஸ்வெட்டரை அறையில் வைத்துவிட்டும் போகாதீர்கள். அந்த வளைகுடாக் காற்று ஆளை நடுக்கிவிடும்.