நீலப்பச்சை–ஆரஞ்சுத் தோற்றம்: 2383 லட்டா, கைவேலைக் கர்வா?

நிழலில் நீலப்பச்சை, முகத்தில் ஆரஞ்சு. வணிகப் படங்கள் கண்ணுக்குப் பழக்கிவிட்ட இந்தத் தோற்றத்தை டாவின்சி ரிசால்வ் என்ற நிறத்திருத்த மென்பொருளில் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. நிறங்களைத் தனித்தனியே பிடித்து, கர்வ் (வளைகோட்டை இழுத்து நிறத்தை மாற்றும் கருவி), குவாலிஃபையர் (குறிப்பிட்ட நிறத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் கருவி) கொண்டு கையால் திருப்பலாம். அல்லது மென்பொருளோடே வரும் கோடாக் 2383 பிரிண்ட் லட்டை (LUT, நிறங்களை மாற்றும் ஆயத்த அட்டவணை) கடைசி நோடில், அதாவது திருத்த வரிசையின் கடைசிப் படியில் வைத்து, அதற்கு முன்னால் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் மட்டும் சரிசெய்யலாம். அண்மையில் முடித்த குறும்படத்துக்கு இரண்டாவதையே எடுத்தேன்.

வேகத்தில் லட் முந்தும். செலவில் வித்தியாசமில்லை, இலவசப் பதிப்பிலேயே இரண்டும் உண்டு.

முடிவைத் தீர்மானித்தது தோல் நிறம். நிறத்தையும் செறிவையும் வட்ட வரைபடமாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் அது சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஓடும் கோட்டை ஒட்டி விழும். நம் வீடுகளில் படம்பிடித்தால் அந்தக் கோட்டருகே தோல் மட்டுமா இருக்கிறது? குத்துவிளக்கு, தேக்குக் கதவு, மஞ்சள் பூசிய நிலைப்படி எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. குவாலிஃபையர் முகத்தோடு கதவையும் அள்ளிக்கொண்டு வரும். எல்லையை இறுக்கினால் கன்னத்தின் நிழல்பக்கம் தேர்விலிருந்து நழுவிப் பச்சையடிக்கும். நிறப் படிகள் குறைந்த 8 பிட் காட்சியென்றால் விளிம்பில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் தெரியும். நடிகர் ஜன்னலோரம் நகர்ந்துவிட்டாலோ, அடுத்த ஷாட்டில் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

2383 எதையும் வெட்டியெடுப்பதில்லை. திரையரங்குப் பிரிண்ட் பிலிமின் போக்கில், நிழலை நீலப்பச்சைப் பக்கமும் வெளிச்சத்தை மஞ்சள் பக்கமும் தொடர்ச்சியாக வளைக்கிறது. முகமும் கதவும் சேர்ந்தே நகர்வதால் இடையில் விளிம்பு தெரிவதில்லை. ஷாட் மாறும்போது முந்தைய நோடைத் தொட்டால் பெரும்பாலும் போதும்.

ஒரு நிபந்தனை உண்டு. இந்த லட் எதிர்பார்ப்பது சினியான் லாக், அதாவது பிலிம் ஸ்கேனுக்கென உருவான, கான்ட்ராஸ்ட் குறைந்து வெளிறித் தெரியும் பதிவுமுறை. சாதாரணத் திரைகளுக்கான ரெக் 709 படத்தின்மேல் அப்படியே வைத்தால் கறுப்பு அடைத்துக்கொள்ளும். சோனி கேமராக்களின் எஸ்-லாக் 3 காட்சியையும் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற கருவி வழியாக முதலில் சினியானுக்கு மாற்றியாக வேண்டும். லட் போட்டதும் படம் பாழாகிறது என்ற புலம்பல் பலவும் இந்தப் படியை விட்டதால் வருவதே. இந்த லட், வெள்ளையின் சாயலில் வேறுபடும் டி55, டி60, டி65 என்ற மூன்று வகைகளில் வருகிறது; அவற்றில் டி55 மஞ்சள் தூக்கலானது. மாநிறத் தோலுக்கு எனக்கு டி60 பிடிக்கிறது. இது ரசனைதான், விதியல்ல.

கைவேலை வெல்லும் இடங்களும் உண்டு. துணிக்கடை விளம்பரத்தில் சேலையின் கிளிப்பச்சை கிளிப்பச்சையாகவே வரவேண்டும். லட் அதையும் சேர்த்து இழுத்துவிடும். சுவரொட்டி அளவுக்கு அடர்ந்த நீலப்பச்சை கேட்டாலும் கர்வ்தான் கைகொடுக்கும். வெளிச்ச வீச்சு கூடிய எச்டிஆர் படங்களில் நான் செய்தது மிகக் குறைவு, ஆகவே இந்தத் தீர்ப்பை அங்கே நீட்டிக்க மாட்டேன்.

2383 மிகையாகத் தெரிந்தால் அந்த நோடின் கீ அவுட்புட்டை (அதன் விளைவு எவ்வளவு கலக்கிறது என்ற அளவை) குறைக்காதீர்கள்; மாற்றப்படாத லாக் படம் கலந்து வெளிறிப்போகும். லட்டுக்கு முந்தைய நோடில் கான்ட்ராஸ்டையும் நிறச்செறிவையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.