ஒன்பது லட்சம், ஒரே கார்: வார நாளில் ஆபீஸ், ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை

தம்பி முறையில் பழகும் ஒருவன் போன வாரம் போன் செய்தான். "அண்ணா, ஒன்பது லட்சம் சேர்த்துட்டேன். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்போர்ட்ஸ் கார் சொல்லுங்க. டெய்லி ஆபீசுக்கும் போகணும், டிராக்லயும் ஓட்டணும்." கையில் ஒரு பட்டியலும் வைத்திருந்தான். எல்லாம் குதிரைத்திறன் வரிசையில்.

முதலில் ஆசையைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இந்தக் கேள்விக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிடி86 என்று பதில் வந்துவிடும். அவை இரண்டுமே இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்ததில்லை. பழைய போர்ஷே கிடைக்கும். ஆனால் வாங்குவதற்குத் தனி பட்ஜெட், வைத்துக்கொள்வதற்குத் தனி பட்ஜெட் வேண்டும். ஆகவே நம் கைக்கு எட்டுவது கொஞ்சம் காரம் கூடிய ஹேட்ச்பேக்தான். என் கணக்கில் நான்கு தேறும்: ஃபோக்ஸ்வாகன் போலோ டிஎஸ்ஐ, ஃபியட்டின் அபார்த் புன்டோ, ஹூண்டாய் ஐ20 என் லைன், மாருதி பலேனோ ஆர்எஸ்.

குதிரைத்திறனை வைத்து வரிசைப்படுத்தினால் அபார்த் 145, ஐ20 என் லைன் 120, போலோ 110, பலேனோ 102. இந்த வரிசை ரோட்டில் பெருமை பேச உதவும். டிராக்கில் இறங்கிய நாலாவது சுற்றில் கால் தேடுவது பிரேக்கை.

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் 1990-லிருந்து இருக்கிறது. அதற்கு முன் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. இப்போதைய டிராக்கின் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. ஓ.எம்.ஆர். சிக்னலில் நாள் முழுக்க பிரேக் போட்டாலும் வராத சூடு இங்கே பத்து நிமிடத்தில் வந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும், குமிழி அமுங்கும், பெடல் பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே போகும். அந்த ஒரு நொடியில் அடிவயிறு சில்லிடுவதை அனுபவித்தவர்கள் பிறகு குதிரைத்திறன் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அதனால் அவனிடம் சொன்ன முதல் விஷயம்: ஒன்பது லட்சத்தையும் காரில் போடாதே. ஒரு லட்சத்தைத் தனியாக எடுத்து வை. டயர் நான்கு, நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஆயில், ஒரு முழு சர்வீஸ். எந்தக் கார் அந்த லட்சத்தை மிச்சம் வைக்கிறது, அதில் எத்தனை வருடம் பாகம் கிடைக்கும் என்று பார்ப்போம்.

மனசுக்குப் பிடித்ததிலிருந்தே தொடங்குகிறேன். அபார்த் புன்டோ 2015-ல் வந்தது. 1.4 லிட்டர் டர்போ, 212 நியூட்டன் மீட்டர் இழுவை, நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், அப்போது ஷோரூம் விலை பத்து லட்சத்துக்குள். ஸ்டீயரிங் பழைய ஹைட்ராலிக் வகை. முன் டயர் தரையில் என்ன செய்கிறது என்பதை உள்ளங்கைக்குச் சொல்லும் ஸ்டீயரிங் அது. இன்றைய மின்சார ஸ்டீயரிங்குகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் இல்லை. கியர் ஐந்துதான். கீழ் ஆர்பிஎம்மில் தூங்கி வழியும், டர்போ விழித்ததும் முன்சக்கரம் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும். உட்காரும் இடம் உயரம், பெடல்கள் நெருக்கம். அகலமான ஷூ போட்டால் பிரேக்கோடு ஆக்ஸிலரேட்டரும் அமுங்கும். இத்தனை குறையையும் ஒரு நல்ல வளைவில் மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது பாகங்கள். ஃபியட் பெயரில் கார் விற்பது இந்தியாவில் 2019-லேயே நின்றுவிட்டது. அதே குழுமத்தின் ஜீப் சர்வீஸ் மையங்கள் கைகொடுக்கலாம். ஆனால் இந்த எஞ்சின் லீனியா டி-ஜெட் போன்ற சில ஃபியட் மாடல்களில் மட்டுமே வந்தது. ஓடிய வண்டிகளே குறைவு. ஒரு சாதாரண சென்சாருக்காக மூன்று வாரம் ஷெட்டில் நிற்கும் காரை தினசரி ஆபீஸ் காராக வைத்துக்கொள்ள முடியாது. வீட்டில் இன்னொரு கார் இருந்தால் அபார்த் வாங்கு, இல்லையென்றால் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடு என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

போலோவில் கவனம் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கார்கள் இருக்கின்றன. 2013-லிருந்து வந்த ஜிடி டிஎஸ்ஐயில் 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். கியர் மாற்றும் வேகம் அபாரம். ஆனால் அந்த கியர்பாக்ஸின் கிளட்ச் எண்ணெயில் மூழ்காத உலர் வகை. நம் வெயிலில், நம் டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போவது அதற்கு ஆகாது. கியர் மாற்றத்தை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்லும் தொகையைக் கேட்டால், தனியாக எடுத்துவைத்த அந்த லட்சம் அங்கேயே கரைந்துவிடும். சர்வீஸ் பில் முழுசாக இல்லாத டிஎஸ்ஜி வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதே.

2020-ல் வந்தது வேறு ஜாதி. 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ, 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் மேனுவல் கிடைக்கும். 2022-ல் போலோ நின்றுவிட்டது. ஆனால் அந்த எஞ்சின் குடும்பம் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், டைகுன், ஸ்கோடா ஸ்லாவியா, குஷாக் என்று தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. தெரிந்த மெக்கானிக்குகள் உண்டு, பாகம் உண்டு. பாடி இறுக்கம், அதிவேகத்தில் நிதானம், இவை போலோவின் பிறவிக் குணம். பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான். முன்னால் எஞ்சின் இருக்கும் காரில் கடுமையாக பிரேக் போடும்போது எடையில் பெரும்பகுதி முன்னுக்குச் சாய்ந்துவிடுவதால், நல்ல முன் பேட் போட்டால் இதைச் சமாளிக்கலாம். எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றிச் சக்தி கூட்டிய, அதாவது ரீமேப் செய்த, வண்டிகள் சந்தையில் நிறைய. விற்பவர் "ஸ்டாக்தான் சார், எதையும் மாத்தல" என்பார். நம்பாமல் கிளட்ச் வழுக்குகிறதா என்று மேடான இடத்தில், உயர்ந்த கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது.

ஐ20 என் லைன் நம்ம ஊர்ப் பிள்ளை. டிராக்கும் அது பிறந்த தொழிற்சாலையும் ஒரே ஊர், இருங்காட்டுக்கோட்டை. நான்கு டிஸ்க் பிரேக், 172 நியூட்டன் மீட்டர், மூலைக்கு மூலை சர்வீஸ். பெயரில் உள்ள 'என்' பார்த்து ஏமாற வேண்டாம். வெளிநாட்டில் விற்ற அசல் ஐ20 என் 1.6 லிட்டர், 204 குதிரைத்திறன். இது அதன் சட்டையை மட்டும் போட்டுக்கொண்ட தம்பி. 2021-ல் வந்தபோது மேனுவல் என்ற இடத்தில் ஐ.எம்.டி. என்று ஒன்றைக் கொடுத்தார்கள்: கியர் லீவர் உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது. சென்னை டிராஃபிக்கில் இடது கால் கும்பிடும். டிராக்கில் கிளட்ச் எப்போது விடுகிறது, எப்போது பிடிக்கிறது என்பது நம் கையில், சரியாகச் சொன்னால் நம் காலில், இல்லாமல் போகிறது. 2023-ல்தான் உண்மையான ஆறு கியர் மேனுவல் வந்தது. அதைத் தேடினால் வயது குறைவு, விலை அதிகம். ஒன்பது லட்சமும் அதற்கே போய்விடும். அந்த லட்சம் மிஞ்சாது.

பலேனோ ஆர்எஸ்ஸை அவன் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. 2017 முதல் 2020 வரை மட்டும் விற்றது. எடை 950 கிலோ, நான்கு டிஸ்க், 1.0 லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ எஞ்சின். எடை குறைந்தால் பிரேக்குக்கும் டயருக்கும் ஆயுள் கூடும். டிராக் நாளில் பணம் மிச்சமாவது இப்படித்தான். எஞ்சின் அனாதையாகிவிட்டதே என்ற கவலையும் 2023-ல் மாருதியின் ஃபிராங்ஸில் அதே பூஸ்டர்ஜெட் திரும்பி வந்ததும் பாதி தீர்ந்தது. குறை என்னவென்றால் ஸ்டீயரிங்கில் உயிரில்லை, வளைவில் பாடி சாய்கிறது. வேகமான கார், ஆனால் ஓட்டுகிறவனோடு பேசாத கார்.

என் தேர்வு 2020-க்குப் பிந்தைய போலோ மேனுவல். இரண்டாவது பலேனோ. ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் பற்றியும் கேட்டான். 230 குதிரைத்திறன், ஆசைதான். டயர் விலையைக் கேட்டுவிட்டு அவனே பேச்சை மாற்றினான்.

காரைப் பார்க்கப் போகும்போது டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படி. 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம். முன் டயரின் வெளி ஓரம் மட்டும் மொட்டையாகியிருந்தால் வண்டி ஏற்கெனவே டிராக் பார்த்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அது தப்பில்லை, மறைத்தால்தான் தப்பு. வெளிமாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) தமிழ்நாட்டு ஆயுள் வரியும் சேர்த்துக் கணக்குப் போடு. இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை இரண்டும் விலக்கு என்று எழுதியிருக்கும். டிராக்கில் சுவரில் உரசினால் முழுச் செலவும் உன்னுடையது.

இன்னொன்றையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன். கடைசி ஓட்டத்தில் முழுவேகச் சுற்றோடு நிறுத்தாமல் ஒரு சுற்று மெதுவாக, பிரேக்கைத் தொடாமல் வா. டர்போவும் பிரேக்கும் ஆறட்டும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதே, கியரில் விடு. பேடில் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று பார்த்துக்கொள். சாயங்காலம் அதே பிரேக்கை நம்பித்தான் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வீட்டுக்கு வர வேண்டும்.