பெட் சவுண்ட்ஸ்: மோனோவா ஸ்டீரியோவா? நான் மோனோ பக்கம்

போன மாசம் பீச் பாய்ஸ்ங்கற அமெரிக்க இசைக்குழுவோட ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தை ரொம்ப வருஷம் கழிச்சு முழுசா கேட்டேன். ஃபோன்ல இடம் கம்மி, அதனால மோனோ (எல்லா ஒலியும் ஒரே சேனல்ல), ஸ்டீரியோ (இடது, வலதுன்னு ரெண்டு சேனல்ல) ரெண்டுல ஒன்னைத்தான் வச்சுக்கணும்னு ஆச்சு. ரெண்டு வாரம் மாத்தி மாத்தி கேட்டுட்டு ஸ்டீரியோவை அழிச்சிட்டு மோனோவை வச்சுக்கிட்டேன். ஏன்னு சொல்றேன்.

ஆல்பம் வந்தது 1966 மே மாசம். 13 பாட்டு, மொத்தமே சுமார் 36 நிமிஷம். குழுவோட மூளையா இருந்த பிரையன் வில்சனுக்கு அப்போ 23 வயசு. குழுவுல மத்தவங்க ஜப்பான்ல கச்சேரி பண்ணிட்டிருந்த நேரத்துல இவர் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள்ல ஹால் பிளேன் (டிரம்ஸ்), கரோல் கே (பாஸ் கிட்டார்) மாதிரி ஆளுங்களை வச்சு சில பாட்டோட வாத்தியப் பகுதியை முடிச்சுட்டாரு, டோனி ஆஷர்ங்கறவர் கூட உக்காந்து பெரும்பாலான வரிகளை எழுதினாரு. அமெரிக்காவுல பத்தாவது இடம், இங்கிலாந்துல ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு. இதெல்லாம் எல்லா இடத்துலயும் இருக்கு, விடுங்க.

அப்போ வெளியானது மோனோதான். ஸ்டீரியோங்கற பேர்ல கேபிடல் கம்பெனி வித்தது டியோஃபோனிக்னு ஒன்னு, மோனோ ஒலியையே ரெண்டா பிரிச்சு ஒரு பக்கம் பாஸ் தூக்கலா, இன்னொரு பக்கம் கீச்சு தூக்கலா வச்சு ஏமாத்தறது. அது பக்கமே போகாதீங்க. நிஜமான ஸ்டீரியோ 1997லதான் வந்துச்சு, மார்க் லினெட்ங்கற ஒலிப்பதிவாளர் பண்ணது, பிரையனும் சம்மதிச்சு வெளியானது. முப்பது வருஷம் ஏன் ஆச்சுன்னா, வாத்தியத்தை எல்லாம் முதல்ல ஒரு டேப்புல எடுத்து, அதை அப்படியே ஒரே ட்ராக்கா (டேப்புல ஒரு தனி வரிசையா) சுருக்கி இன்னொரு டேப்புக்கு மாத்தி, அந்த டேப்புல மிச்சமிருந்த ட்ராக்குகள்ல குரலைப் பாடியிருக்காங்க. அதனால வாத்தியம் ஒரு டேப்புல தனித்தனியா கிடக்கு, குரல் வேற டேப்புல கிடக்கு. கம்ப்யூட்டர் வந்து ரெண்டையும் ஒன்னா ஓட வைக்கற வரைக்கும் ஸ்டீரியோங்கற பேச்சுக்கே வழியில்ல.

ஸ்டீரியோவுக்கு உள்ள நியாயத்தை முதல்ல சொல்லிடறேன். குரல் அடுக்குகள் அதுல பிரமாதம். ‘காட் ஒன்லி நோஸ்’ கடைசியில ஒரே வரியை ஒருத்தர் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் எடுப்பாங்களே, அங்க ஒவ்வொரு குரலும் எங்கேர்ந்து வருதுன்னு தனியா தெரியும். ‘லெட்ஸ் கோ அவே ஃபார் அவைல்’ல பாட்டே கிடையாது, வெறும் வாத்தியம், அதுக்கு ஸ்டீரியோ கொடுக்கற அகலம் மோனோவுல கிடைக்காது, இந்த ஒரு ட்ராக்ல நான் மோனோவுக்காக வாதாட மாட்டேன். கிட்டாரோ பாஸோ வாசிக்கறவங்க யாராவது பகுதி பகுதியா எடுத்துப் பழகணும்னா அவங்களுக்கும் ஸ்டீரியோதான் சரி.

ஆனா எனக்கு முடிவு பண்ணிக் கொடுத்தது ஒரே ஒரு விஷயம். காது.

பிரையனுக்கு சின்ன வயசுலேர்ந்தே வலது காது கிட்டத்தட்ட கேக்காமலே இருந்துச்சு. ஸ்டீரியோன்னா என்னன்னு மத்தவங்க அனுபவிக்கற மாதிரி அவருக்கு ஒருநாளும் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. ஸ்டூடியோவுல உக்காந்து இந்த அளவு போதும், அதை ஏத்து, இதை இறக்குன்னு அவர் முடிவு பண்ணது எல்லாமே ஒரு காதுல விழுந்ததை வச்சுத்தான். இதைத் தெரிஞ்சுக்கிட்டதும் ஒருநாள் ராத்திரி ரூம் லைட்டை அணைச்சுட்டு, ஒரு ஸ்பீக்கர்ல மோனோவைப் போட்டு, வலது காதை கையால அடைச்சுக்கிட்டு முதல் பாட்டுலேர்ந்து கேட்டேன். எதுவுமே குறையல. அந்த ஆள் எங்க உக்காந்து கேட்டாரோ அங்கயே நானும் உக்காந்த மாதிரி இருந்துச்சு, ‘கரோலைன், நோ’ முடிஞ்சு அவரோட ரெண்டு நாயும் குரைச்சு ட்ரெயின் போற சத்தம் வர்றப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

அதே சோதனையை ஸ்டீரியோவுல பண்ணிப் பாருங்க, ஹெட்ஃபோனை ஒரு காதுல மட்டும் மாட்டிக்கிட்டு. பாட்டு வரும், ஆனா ஒரு பக்கம் காலியா இருக்கும். நானும் தங்கச்சியும் ட்ரெயின்ல ஆளுக்கொரு இயர்ஃபோனா மாட்டிக்கிட்டு கேக்கறது வழக்கம், ஸ்டீரியோ ஓடினப்போ “ஏதோ குறையுதுண்ணா”ன்னா, மோனோவுக்கு மாத்தினதும் ஒன்னும் சொல்லாம அப்படியே சன்னல்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டா. ஃபோன் செட்டிங்ஸ்ல ரெண்டு பக்கத்தையும் ஒன்னாக்கற வசதி இருக்கேன்னு கேப்பீங்க. அது வேற, இது வேற. ஸ்டீரியோவை மடிச்சு ஒன்னாக்கினா கிடைக்கறது பிரையனோட மிக்ஸ் (எல்லா ஒலியையும் அவர் கலந்து வச்ச விதம்) இல்ல, அவர் ஒரே சேனலுக்குன்னு கையால அளந்து வச்ச ஏத்த இறக்கம் அதுல இருக்காது.

இன்னொன்னு, இதுவும் அதே காது விஷயம்தான். வாத்தியங்களைக் கலந்து புதுசா ஒரு வாத்தியம் மாதிரி கேக்க வைக்கறது அவரோட வித்தை. ‘வுடிண்ட் இட் பி நைஸ்’ல ரெண்டு அக்கார்டியன் வாசிக்கறாங்க, மோனோவுல கேட்டா அக்கார்டியன்னே சொல்ல மாட்டீங்க, ஏதோ ஒன்னு மூச்சு விட்டு நடுங்கற மாதிரி இருக்கும். ஸ்டீரியோவுல பிரிச்சு வச்சதும் எது எதுன்னு அடையாளம் தெரிஞ்சிடுது, தெரிஞ்சதும் அந்த மயக்கம் கொஞ்சம் போயிடுது. குழம்புல புளியையும் மிளகாயையும் தனித்தனியா தட்டுல வச்சுக் கொடுத்த மாதிரி. அதே பாட்டோட நடுப்பகுதியை மோனோவுல குழுவோட இன்னொரு பாடகர் மைக் லவ் பாடுவாரு, 1997 ஸ்டீரியோவுல அந்தக் குரல் இருந்த டேப் கிடைக்காததால பிரையன் பாடினதைத்தான் வச்சிருந்தாங்க. பழகின காதுக்கு அந்த இடத்துல ஒரு திடுக்.

மோனோவுல குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். ‘ஹியர் டுடே’ல வாத்தியம் மட்டும் வர்ற இடத்துல பின்னாடி யாரோ கேமராவைப் பத்திப் பேசிட்டிருக்கறது கேக்கும். சில இடத்துல ஒலி கொஞ்சம் கசகசன்னும் இருக்கும், மலிவான ஸ்பீக்கர்ல இன்னும் ஜாஸ்தி. முதல் தடவை கேக்கறவங்களுக்கு ‘என்ன இது, பழைய ரேடியோ மாதிரி இருக்கு’ன்னு தோணலாம், எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு, நாலாவது தடவைலதான் பிடிபட்டுச்சு.

நான் ரெண்டையும் கேட்டது சிடியிலயும் ஃபோன்லயும்தான். வைனில்ல கேட்டதில்ல, அதனால எந்த அச்சு வாங்கறதுன்னு என்கிட்ட கேக்காதீங்க. 2023ல கைல்ஸ் மார்ட்டின்ங்கற தயாரிப்பாளர் பண்ண டால்பி அட்மாஸ் (சுத்தி எல்லா பக்கமும் ஒலி வர்ற மாதிரி) மிக்ஸும் இருக்கு, அதுக்கு வேண்டிய ஸ்பீக்கர் என் வீட்டுல இல்ல, ஹெட்ஃபோன்ல ரெண்டு பாட்டு கேட்டதோட சரி, அதை வச்சுத் தீர்ப்பு சொல்றது நியாயமில்ல.

சிடி வாங்கறவங்களுக்கு ரெண்டும் சேர்ந்தே ஒரே தட்டுல வர்ற பதிப்பு இருக்கு, கிடைச்சா அதை வாங்கிடுங்க. புதுசா கேக்கப் போறீங்கன்னா முதல் ஒரு வாரம் மோனோ மட்டும், அதுவும் ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சுல. அப்புறம் ‘காட் ஒன்லி நோஸ்’ஸோட அந்தக் கடைசிப் பகுதிக்காக ஒருதடவை ஸ்டீரியோவைப் போடுங்க, அந்தப் பாட்டோட முக்கியக் குரலான, பிரையனோட தம்பி கார்ல் வில்சனுக்கு அப்போ 19 வயசுங்கறதை ஞாபகம் வச்சுக்கிட்டு முழுப் பாட்டையும் கேளுங்க.