ஜப்பானில் ரயில் பாஸா, தனி டிக்கெட்டா?

முதல் ஜப்பான் பயணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஜேஆர் பாஸ் (ஜேஆர் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு விருப்பம்போல் பயணிக்கச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தரும் பாஸ்) வாங்கிய காலம் உண்டு. 7 நாள் பாஸ் அப்போது 29,650 யென். 2023 அக்டோபரில் அது 50,000 ஆனது, கணக்கே மாறிவிட்டது.

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷிங்கான்சென் புல்லட் ரயிலில் ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென். போய்வந்தாலும் 28,000தான். ஹிரோஷிமா வரை போய்வந்தாலும் 40,000ஐ ஒட்டித்தான் வரும். அதோடு, ஷிங்கான்சென்னிலேயே அதிவேகமான நொசோமி ரயிலில் ஏற பாஸ்காரர் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். அது போதாதா, தனி டிக்கெட்டே போதும் என்று சொல்ல?

சரி, ஒரே வாரத்தில் ஊர் ஊராக இறங்கி ஹிரோஷிமாவையும் தாண்டி ஃபுகுவோக்கா வரை போய்த் திரும்புவீர்களா? அப்போது பாஸ். நகர மெட்ரோவுக்கு எப்படியும் சுய்க்கா என்ற ப்ரீபெய்டு அட்டை இருந்தால் வசதி.