ப்ளூஸ்கஸி வி2: செத்துப்போன டிஸ்க்குக்கு மாற்றுதான், மருந்தல்ல

எஸ்ஜிஐ (சிலிக்கான் கிராஃபிக்ஸ்) கம்பெனியின் இண்டி மாதிரி பழைய வொர்க்ஸ்டேஷன் வைத்திருக்கும் சிலருக்காகத்தான் இதை எழுதுகிறேன், மற்றவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும், தெரியட்டும். 1993-ல் வந்த நீல நிறத் தட்டைப் பெட்டி அது. என்னுடையதில் இருந்த ஸ்கஸி டிஸ்க் (ஸ்கஸி என்பது அந்தக் காலத்தில் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைத்த முறை) கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்து, எஸ்ஜிஐயின் ஆப்பரேட்டிங் சிஸ்டமான ஐரிக்ஸ் பாதி ஏறும்போதே நின்றுவிட்டது. அந்தக் காலத்து டிஸ்க்கையே தேடிப்பிடித்து வாங்குவதில் அர்த்தமில்லை, அதுவும் அதே வயதுதானே. அதனால் ப்ளூஸ்கஸி வி2 வாங்கினேன்.

ராஸ்பெரி பை பிக்கோ என்ற குட்டி மைக்ரோகன்ட்ரோலரை வைத்து ஓடும் சின்ன போர்டு இது. எஸ்டி கார்டில் இருக்கும் ஒரு இமேஜ் ஃபைலை (ஒரு முழு டிஸ்க்கின் நகல் ஒரே ஃபைலாக) எடுத்து, "நான்தான் ஹார்ட் டிஸ்க்" என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கும். இண்டிக்குள் இருப்பது 50 பின் ரிப்பன் கேபிள், அதனால் அடாப்டர் எதுவும் தேடவேண்டாம். செட்டிங் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஃபைல் பெயரில் இருக்கும் எண்தான் ஸ்கஸி ஐடி, அதாவது ஒரே கேபிளில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி எண். மேக்கில் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்கவேண்டும்: அங்கே கன்ட்ரோலருக்கு 7, டிஸ்க்குக்குப் பெரும்பாலும் 0, எஸ்ஜிஐயில் கன்ட்ரோலரே 0-ஐ எடுத்துக்கொள்ளும், முதல் டிஸ்க் 1. கோளாறு வந்தால் எஸ்டி கார்டிலேயே ஒரு லாக் ஃபைல் எழுதி வைக்கும், எந்த ஐடியில் எந்த இமேஜ் ஏறியது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, பழைய டேட்டா? அதை மீட்பதைத்தான் பலர் ப்ளூஸ்கஸியிடம் எதிர்பார்க்கிறார்கள். இனிஷியேட்டர் மோட் என்று ஒன்று இருக்கிறது, பழைய டிஸ்க்கை நேரடியாக இதில் மாட்டினால் எஸ்டி கார்டுக்குக் காப்பி எடுத்துத் தரும். டிஸ்க் நன்றாக இருந்தால் அருமை. இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் என்றால் தயவுசெய்து அதை நம்பாதீர்கள். அதற்கு, கெட்டுப்போகும் டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராம்தான். பிசிஐ ஸ்லாட் உள்ள பழைய பிசி, அடாப்டெக் 2940 மாதிரி ஒரு ஸ்கஸி கார்டு, லினக்ஸ், இவ்வளவு போதும். முதல் சுற்றில் எளிதாகப் படிக்கமுடிந்ததை எல்லாம் வாரிக்கொண்டு, மோசமான இடங்களைத் தாண்டிப் போய்விடும், அப்புறம்தான் திரும்பி வந்து ஓரங்களைச் சுரண்டும். எதைப் படித்தது, எதை விட்டது என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போவதால், டிஸ்க் திணறினால் நிறுத்தி, ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இன்னும் எவ்வளவு நேரம் சுற்றும் என்றே தெரியாத டிஸ்க்கில் இந்த வரிசைதான் எல்லாமே, கெட்டுப்போன ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் நல்ல பகுதியும் கையை விட்டுப்போகும்.

ஃபைல்களை மட்டும் எடுக்காமல் முழு டிஸ்க்கையும் இமேஜாக எடுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எஸ்ஜிஐ டிஸ்க்கில் 8-வது பார்ட்டிஷன்தான் வால்யூம் ஹெடர், ஐரிக்ஸை ஏற்றிவிடும் சாஷ் என்ற சின்ன புரோகிராம் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. முழு இமேஜ் என்றால் அதுவும் சேர்ந்தே வந்துவிடும், எஸ்டி கார்டில் போட்டதும் பூட் ஆகும். ஃபைல்கள் மட்டும்தான் கையில் என்றால் டிஸ்க்கை முதலிலிருந்து தயார் செய்யவேண்டும், ஐரிக்ஸ் சிடியிலிருந்து பூட் செய்ய 512 பைட் பிளாக்கில் படிக்கத் தெரிந்த சிடி டிரைவ் வேண்டும், இல்லாவிட்டால் நெட்வொர்க் பூட். பழைய பிராம்களுக்கு (பூட்டைத் தொடங்கிவைக்கும் சிப்பில் உள்ள புரோகிராம்) டிஎஃப்டிபி சர்வர், அதாவது நெட்வொர்க் பூட்டுக்கு ஃபைல் அனுப்பும் சர்வர், 32767-க்கு மேற்பட்ட போர்ட்டில் பதில் சொன்னால் புரியாது, லினக்ஸில் அதையும் மாற்றிக்கொடுக்கவேண்டும். தலைவலி.

கடைசிவரை படிக்க முடியாமல் போன செக்டர்கள் இமேஜில் வெறும் பூஜ்யமாகவே கிடக்கும், எந்த ஃபைலில் ஓட்டை விழுந்தது என்று தானாகத் தெரியாது. டிடிரெஸ்க்யூவின் ஃபில் மோடில் அந்த இடங்களில் ஏதாவது ஒரு அடையாள வார்த்தையை நிரப்பிவிட்டு, பிறகு ஃபைல்களுக்குள் அந்த வார்த்தையைத் தேடினால் அடிபட்டவை மாட்டிக்கொள்ளும். அசல் இமேஜில் கை வைக்காமல் ஒரு நகலில் செய்யுங்கள்.

மறுபடி ப்ளூஸ்கஸிக்கு வருகிறேன். வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், இண்டியின் ஸ்கஸிக்கே நொடிக்கு 10 எம்பிதான் உச்சவரம்பு. டிஸ்க்கின் கீச்சுச் சத்தம் போய்விட்டது, ஃபேன் சத்தம் அப்படியேதான். பேக்கப் என்பது இனி ஒரே ஒரு ஃபைலைக் காப்பி செய்வது. பிடிக்காதது, எஸ்டி கார்டை எடுக்க ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறக்கவேண்டியிருக்கிறது, அப்புறம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து கடுப்பேற்றும். டிசைன் திறந்தே இருப்பதால் சால்டரிங் கை வந்தவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம். எஸ்டி கார்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பெட்டியைத் திறந்த கையோடு டல்லாஸ் கடிகாரச் சிப்பையும் பாருங்கள். பேட்டரி அதற்குள்ளேயே அடைபட்டிருக்கிறது, அது தீர்ந்தால் நேரத்தோடு ஈத்தர்நெட் முகவரியும் அழிந்துபோகும். 08:00:69 என்று தொடங்கும் அந்த எண்ணை இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.